டீனாவின் மீன் குழம்பு

மாமனார் இக்னேஷியஸின் கால்களுக்கு டீனா வெள்ளைச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது அன்றைய சாப்பாட்டுப் பெட்டி வந்தது. கொண்டுவந்தவனிடம் எதிர்வீட்டு ரூபீனாதான் பேசி வாங்கினாள். நறுக்கிய காய், கழுவிய மீன், பொட்டலம் பொட்டலமாக மசாலா, செய்முறை அச்சடித்த அட்டை எல்லாம் அடங்கிய பெட்டி. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.

"நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க," என்றான் லாய்ட். அப்பாவின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தான். பிறகு மனைவியிடம் தணிந்த குரலில், "இனிமே இது வேணாம் டீனா. நிறுத்திடு. அதான் உனக்குச் சமையல் நல்லா கை வந்துடுச்சே," என்றான்.

டீனா சாக்ஸை இழுத்துவிட்டாள். மாமனாரின் குதிகால் சில்லென்றிருந்தது. விடியற்காலையில் தூக்கத்திலேயே போயிருந்தார்.

மாமியார் இறந்த பிறகு அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு ஒரு தீராத வழக்காகவே ஆகிவிட்டது. தி. நகரில் வங்கி வேலையை முடித்து, மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளில் ஊர்ந்து அவள் சாந்தோம் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். லாய்டுக்கு ஓட்டல் சாப்பாடு ஆகாது. சமையலுக்கு ஆள் வைக்கவும் சம்மதிக்கவில்லை. அவன் கத்துகிறவன் இல்லை. தட்டைத் தள்ளிவிட்டுப் பேசாமல் எழுந்து போவான். கத்தியிருந்தால் தேவலை என்று டீனாவுக்குத் தோன்றும்.

அப்போதுதான் இந்தப் பெட்டிகளை வரவழைத்துப் பார்த்தாள். முதல் கம்பெனி அனுப்பியது மூன்று பேருக்குப் போதவில்லை. அடுத்ததன் பாஸ்தாவை மாமனார் முள்கரண்டியால் புரட்டிவிட்டு மோர்சாதம் கேட்டார். மூன்றாவதில் குழம்பும் பொரியலும் வந்தன. ஆனால் அதற்கும் ஒருவர் அடுப்பின் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

ஒரு மழை நாளில் மிகவும் தாமதமாகி, பயந்துகொண்டே கதவைத் திறந்தாள். மீன் குழம்பு வாசம் வந்தது. மாமனார் மூக்குக்கண்ணாடியோடு அட்டையைப் படித்துக்கொண்டே கிளறிக்கொண்டிருந்தார்.

"போட்டிருக்கிறபடிதான் செஞ்சேன்மா," என்றார். அடுப்பைத் தணித்தார். "லாய்டுகிட்ட சொல்லாத. அவங்கம்மா இருந்த வரைக்கும் நான் ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிச்சதில்ல. இப்ப சமைக்கிறேன்னா, அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அவள் சொல்லவில்லை. அதன்பின் தினமும் அவர்தான் சமைத்தார். டீனா செருப்பைக் கழற்றியதும் டீ இருக்கும். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் குடிப்பாள். இருவரும் அதிகம் பேசியதில்லை. அவளுக்குப் பிறகு வரும் லாய்ட் ருசித்துச் சாப்பிட்டான். டீனாவின் சமையல் என்று எல்லோரிடமும் சொன்னான். அந்தப் பாராட்டுக்கு அவள் சிரித்துவைத்தாள்.

பாலவாக்கத்திலிருந்து நாத்தனார் டோரதி பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்ததும் அப்பாவின் கையை எடுத்துத் தடவினாள். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த புண்.

"இது என்ன?"

"வெந்நி பட்டிருக்கும்," என்றான் லாய்ட்.

டோரதி டீனாவைப் பார்த்தாள். இப்போது சொல்லலாம் என்று டீனா நினைத்தாள். அறையில் எல்லோரும் இருந்தார்கள். மாமனாரும் இருந்தார், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு. அவளால் முடியவில்லை.

"போன் பண்ணா அப்பா இதத்தான் பேசுவாரு," என்றாள் டோரதி. "இன்னிக்கு டீனா வச்ச குழம்பு அப்படி, நேத்து வச்ச கறி இப்படின்னு. ஏழாம் நாள் சாப்பாட்டுக்கு வெளியில ஆர்டர் குடுக்க வேணாம் டீனா. ஒரு முப்பது பேர்தான். உன் கையாலயே இருக்கட்டும். அவரு மனசு குளிரும்."

லாய்ட் தலையசைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. உறவுக்காரப் பெண்கள் அதுதான் சரி என்றார்கள்.

"சரி அண்ணி," என்றாள் டீனா.

சர்ச்சில் பூசை முடிந்து, கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட்டு, சாயங்காலம் வீடு திரும்பினார்கள். ரூபீனா கொடுத்தனுப்பிய இடியாப்பத்தைப் பெரியவர்கள் சாப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு ரசம் வைக்கலாம் என்று டோரதி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். தானே வாணலியை ஏற்றி எண்ணெய் விட்டாள்.

"கடுகு எங்க வச்சிருக்க?"

டீனா அடுப்புக்கு மேலே, அவள் சமைத்த நாளில் கடுகு இருந்த தட்டுக்குக் கை நீட்டினாள். அங்கே டீத்தூள் இருந்தது. பக்கத்து டப்பாவைத் திறந்தாள். ரவை. கீழே குனிந்து இன்னொன்றைத் திறந்தாள். எண்ணெய் புகைய ஆரம்பித்தது. கரண்டியைப் பிடித்தபடி பின்னால் நின்ற டோரதி, தழும்பு எதுவுமில்லாத டீனாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். டீனா அடுத்த டப்பாவின் மூடியைத் திருகினாள்.