அக்கா பனிக்கட்டியில் வைக்காத குழாய்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் முதுகிலிருந்து ஊசியால் எடுத்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்தபோது, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை செய்பவள் என் அக்கா. கதை அவளுடையது. இனி நான் வெறும் ‘தம்பி’.

2

முதல் தொடக்கம்: ‘மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள செல்கள் சைட்டோகைன் எனும் வேதிச் சமிக்ஞைகளை வெளியிட்டு, அதன் வாயிலாக...’

(அடித்துவிட்டேன். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.)

அக்கா சொன்னதே மேல். “உள்ள ஒரு செல்லு ‘ஐயோ, ஓடி வாங்க’ன்னு கத்துது. காப்பாத்த வந்த கூட்டம் வீட்டையே மிதிச்சு நாசம் பண்ணுது. அதான் வீக்கம். கத்தல் எவ்வளவுன்னு அளக்கறதுதான் என் வேலை.”

கத்தல் குறைந்திருந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். குறையாமலே நிறுத்தினால் தம்பியின் கால்கள் போனதுதான்.

3

அக்காவைச் சாது என்று நினைத்துவிடாதீர்கள். மாதிரி வந்த உடனே பனிக்கட்டியில் வைக்காதவர்களை அவள் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். சூடு பட்டால் அந்தச் சமிக்ஞைகள் சிதைந்து, அளவு குறைவாகக் காட்டும்.

அன்று வந்த குழாயில் பெயர் இல்லை, எண் மட்டும். அதே எண்ணைக் காலையில் தம்பியின் கைப்பட்டையில் பார்த்திருந்தாள். குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றாள்.

(வரைவைப் படித்தவள் ஓரத்தில் எழுதியது: “அரை மணி நேரம்டா. எனக்காகப் பொய் எழுதாதே.”)

முடிவு, குறைவு என்று வந்தது. வார்டே சந்தோஷப்பட்டது.

4

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘அவள் வாய் திறக்கவில்லை. மறுநாளே மருந்து நிறுத்தப்பட்டு...’

(மேலே போக முடியவில்லை. அது வேறு யாரோ ஒருத்தி.)

நடந்தது இது. தலைமை மருத்துவரிடம் தன் தவற்றைச் சொல்லிவிட்டு, அக்கா நேரே தம்பியின் கட்டிலுக்கு வந்தாள்.

“அந்த முடிவு செல்லாதுடா. நான்தான் கெடுத்துட்டேன். ஐஸ்ல வைக்கல.”

“நீயா? ஊரையே திட்டுற நீயா?”

“உன்னதுன்னு தெரிஞ்சதும் கீழ வைக்க மனசு வரல. கையிலயே வெச்சிருந்தேன்.”

“அப்ப மறுபடியும் ஊசியா?”

அவள் தலையாட்டினாள். அழுதாள். தம்பிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை, என்ன செய்ய? அவள்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது.

“சரி விடு. இந்தத் தடவை குழாயை வேற யாராவது பாத்துக்கட்டும். நீ இங்க என்கூட இரு.”

5

இரண்டாம் முடிவு சற்றுமுன் வந்துவிட்டது. தாளோடு வாசலில் நிற்கிறாள். “கதைய முடிச்சிட்டியா, உள்ள வரலாமா?” என்கிறாள். நான் இந்தக் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் என் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கத்தல் குறைந்திருக்கிறதா?