மேசையை விட்டு விலகும்போது

"ஒரு பாட்டில் தண்ணி ஒன்பது டாலர்டி! தாகம் எடுத்தா அபராதமா இந்த ஊர்ல?" என்றாள் ரோவீனா, கார் கதவைச் சாத்துவதற்கு முன்பே.

நான் குடியிருக்கும் லாஸ் வேகஸுக்கு என் அக்கா வருவது இது இருபத்துமூன்றாவது தடவை. ஒவ்வொரு அக்டோபரிலும் நான்கு நாள். இதுவரை கணவர் வெண்டலோடு வந்தாள். இந்த முறை தனியாக வந்திருந்தாள். வெண்டலைப் பிப்ரவரியில், அவர்கள் ஊரான டொலீடோவில், பனிக்கு நடுவே புதைத்தோம்.

அறை வாடகைக்கு மேல் ஒரு கட்டணம், வண்டி நிறுத்த ஒரு கட்டணம். வெண்டல் மூன்று தட்டு இறால் சாப்பிடும் பஃபே இருந்த இடத்தில் இப்போது கைப்பைக் கடை. அவள் அடுக்கிக்கொண்டே போனாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். புது ஷோ வந்திருக்கிறது, நீரூற்றுக்கு இன்னும் காசு கேட்கவில்லை என்றெல்லாம். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. வேலைக்குத் தவிர, சூதாட்ட விடுதிகள் நிற்கும் அந்தப் பெரிய தெருப் பக்கம் நான் போயே இரண்டு வருஷம் இருக்கும். இங்கே குடியிருக்கும் யாரும் போவதில்லை.

இரண்டாம் நாள் சொல்லிவிட்டாள். "இனிமே இந்த ஊருக்கு வர்றதுல அர்த்தமே இல்ல லோரீன். இதான் கடைசி."

"அப்ப நான் டொலீடோ வரேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: பிரச்சினை தண்ணீர் பாட்டிலில் இல்லை. ஊரைச் சாக்காக வைத்து அவள் என்னிடமிருந்து விலகிக்கொண்டிருக்கிறாள். இந்த நான்கு நாளும் போய்விட்டால் எங்களுக்குள் மிஞ்சுவது ஒரு கிறிஸ்துமஸ் அட்டை.

மூன்றாம் நாள் மாலை, என் சமையலறையில், அவள் கழுவிய தட்டுகளை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசித் தட்டை அலமாரியில் வைத்தேன்.

"பாரு. இப்பவும் அதையே செய்யற" என்றாள் ரோவீனா.

"எதை?"

"கையைத் தட்டி உதறினியே. வெண்டல் குழியில மண்ணைப் போட்டுட்டு இதையேதான் செஞ்ச. தட்டிட்டு, விரிச்சு, திருப்பி. வேலை முடிஞ்சது, கை கழுவியாச்சுங்கற மாதிரி. அவரோட தங்கச்சி பாத்தா, பாதிரியார்கூடப் பாத்தார்."

நான் என் கைகளைப் பார்த்தேன். செய்தது நினைவில் இல்லை. இப்போது தட்டை வைத்தபிறகும் சரி, அன்று மண்ணைப் போட்டபிறகும் சரி. ஆனால் செய்திருப்பேன். இருபத்தாறு வருஷமாகச் சூதாட்டக் கூடத்து மேசையில் சீட்டுப் போட்டு நிற்பவள் நான். மேசையை விட்டு விலகும் ஒவ்வொரு முறையும் இரு கைகளையும் லேசாகத் தட்டி, உள்ளங்கையை மேல்பக்கம், புறங்கையை மேல்பக்கம் என்று கூரைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். அது இல்லாமல் ஓரடி நகர முடியாது.

"அது வந்து... பழக்கம் ரோ. வேலைப் பழக்கம்."

"பழக்கமா? பழக்கமாகற அளவுக்கு எத்தனை பேரைப் புதைச்சிருக்க நீ?"

விளக்கியிருக்கலாம். எட்டு மாதமாக அவள் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள், நான் செய்ததாகவே தெரியாத ஒன்றை. விளக்கம் எவ்வளவு சிறியதாக இருந்ததென்றால், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் என் ஷிப்ட் பகல் பன்னிரண்டுக்கு முடியும். அதன்பின் அவளை விமான நிலையத்தில் விட வேண்டும். வழக்கமாக ஊழியர் வண்டிகள் நிற்கும் இடத்தில் காத்திருப்பாள். அன்று பதினொன்றரைக்கே பெட்டியை உருட்டிக்கொண்டு ஆட்டக் கூடத்துக்குள் வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் மேசைகள் பக்கமே வந்ததில்லை. காசு போட்டு ஆடும் இயந்திரங்களோடு சரி. சீட்டாட்டம் வெண்டலுடைய உலகம்.

"உக்கார ஒரு இடமில்ல" என்றாள் தூணருகே நின்று, எனக்குக் கேட்கும்படி. "ஆடினாத்தான் நாற்காலி தருவாங்க போல."

"அவங்க உன் அக்காவா?" என்று சிரித்தார் என் மேசையில் இருந்த முதியவர். "குரல்லயே தெரியுது."

வேலை நேரத்தில் நான் அவளோடு பேச முடியாது. சீட்டுகளைப் பரப்பினேன், எடுத்தேன்.

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம். பின்வாசலிலிருந்து அடுத்த ஷிப்ட்காரர்கள் வரிசையாக வந்தார்கள். நாற்பது பேருக்கு மேல். என் மேசையை ஏற்க வேண்டிய டெஸ்டா பின்னால் வந்து தோளைத் தொட்டான்.

"போ லோரீன், உன் கால் வலி எனக்கு வேணாம். என்னுதே போதும்."

நான் கைகளைத் தட்டினேன். அப்போதுதான் ரோவீனாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த பக்கம் நானும் திரும்பினேன்.

கூடம் முழுக்க, ஒவ்வொரு மேசையிலும், ஒரே கணத்தில், கைகள். மெல்லிய தட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுவதுபோல். பிறகு நாற்பது ஜோடி உள்ளங்கைகள் மேலே திரும்பின. எத்தியோப்பியாவின் கைகள், மணிலாவின் கைகள், மூட்டு வீங்கிய கைகள், மோதிரத் தடம் மட்டும் மிஞ்சிய கைகள். எல்லாம் வெறுமையாக, கூரையிலிருந்த கறுப்புக் கண்ணாடிக் கேமராக் குமிழ்களை நோக்கி. பிறகு புறங்கைகள். பிறகு ஓரடி பின்னால்.

இருபத்தாறு வருஷமாக நானும் இதில் ஒருத்தி. ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை. மேசைக்குப் பின்னால் நிற்பவளுக்குத் தன் கைதான் தெரியும். என் கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. சூதாட என்று கட்டிய இந்தப் பெரிய வீட்டில், ஒரு நாளைக்கு எத்தனையோ முறை, இத்தனை மனிதர்கள் மேலே நிமிர்ந்து, எதையும் எடுத்துப் போகவில்லை என்று முகம் தெரியாத யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"தள்ளு, நான் நிக்கணும்" என்றான் டெஸ்டா.

காரில் ஏறி மூன்று சிக்னல் தாண்டினோம். வெளியே மலைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன.

"எல்லாருமா செய்யணும்?" என்றாள் ரோவீனா.

"எல்லாரும். ஒவ்வொரு தடவையும்."

"எதுக்கு?"

"கையில எதையும் ஒளிச்சுக்கிட்டுப் போகலன்னு காட்ட."

அவள் மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள். "அன்னிக்கு, குழிகிட்ட, யாருக்குக் காட்டின?"

"தெரியல ரோ. கை தானாப் போயிருக்கு."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். "எத்தனை ராத்திரி உங்க மேசைங்க முன்னாடி உக்காந்திருப்பாரு. பாத்துச் சிரிச்சிருப்பாரு, என் கொழுந்தியா என்கிட்டயே கணக்குக் காட்டறாளேன்னு." சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதாள். நான் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். "அடிக்கட்டும்" என்றாள்.

விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கி அவள் பக்கம் நிறுத்தினேன். கைகள் தட்டிக்கொள்ளத் தொடங்கின. பாதியில் பிடித்து நிறுத்தினேன்.

"முழுசாச் செய்" என்றாள்.

செய்தேன். உள்ளங்கை, புறங்கை.

அவள் இரண்டையும் கவனமாகப் பார்த்தாள், ஒரு கண்காணிப்பாளர் பார்ப்பதுபோல. பிறகு பெட்டியின் பிடியை இழுத்தாள்.

"அடுத்த அக்டோபர் உன் வீட்லதான் தங்குவேன். அந்த ஓட்டல்காரனுக்கு ஒரு காசு தர மாட்டேன். ஆனா பன்னிரண்டு மணிக்கு அந்தத் தூணுகிட்ட நிப்பேன். ஒரு நாற்காலி மட்டும் ஏற்பாடு பண்ணு."

"ஆடினாத்தான் நாற்காலி."

"அப்ப நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.