மஞ்சள், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு

அந்த ஊரில் கதவில் எழுதும் எண்கள் மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். சுண்ணாம்பில் எழுதினாலும் சரி, தகரத்தில் வெட்டி ஆணியடித்தாலும் சரி, சாப்பாட்டு நேரத்தில் வாசலில் குப்பையாகக் கிடக்கும். ஆகவே வீடுகளுக்கு மூன்று வண்ணம் பூசினார்கள். அடுத்தடுத்த வீடுகளுக்கு ஒரே வண்ணம் கூடாது. தன் வண்ணம், மற்ற இரண்டும் எத்தனை வீடு தள்ளி என்ற கணக்கு, இவ்வளவுதான் விலாசம். தையல்காரியின் வீடு மஞ்சள். சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு மூன்று. அப்படி இன்னொரு வீடு ஊரில் இல்லை. நாற்பது வருஷமாக ஒரு கடிதம்கூடத் தவறியதில்லை.

பிறகு தெருக்கோடிச் சுவர் இடிந்து ஒரு சந்து திறந்தது. தையல்காரிக்கு நீலம் ஒரு வீடு கிட்டே வந்துவிட்டது. கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மஞ்சள் வீட்டுக்கும் இப்போது அதே விலாசம். முதலில் கடிதங்கள் மாறின, பிறகு சமையல் வாசனை, பிறகு புருஷன்மார்கள். யார் நுழைந்தாலும் அந்த வீட்டுக்காரர் முகமே இருந்ததால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தையல்காரிக்கு உறைத்தது. பதினோரு வருஷமாக ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத அவள் கணவர், கொத்தனார், ஒரு சாயங்காலம் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் கழுவவில்லை. அதற்கு மறுநாள் கழுவிவிட்டு, "கண்ணு வலிக்குதா? விளக்க இந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கோயேன்" என்றார். அவளுக்கு அழுகை வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது.

தபால்காரியை வழிமறித்தாள். "அக்கா, அந்தச் சுவரு தானாத்தானே விழுந்துச்சு? இவரு சொன்னாரு. இவரு கூட்டாளியும் சத்தியம் பண்ணாரு."

"வேலிக்கு ஓணான் சாட்சியா? உன் வீட்டுக்காரரு கடப்பாரையோட நின்னத நான் பார்த்தேன். எந்தச் சுவர எடுத்தா கடிகாரக்காரர் வீட்டு விலாசம் உனக்கும் வரும்னு முன்னாடியே என்கிட்ட கேட்டுட்டுத்தான் போனாரு."

கடிகாரக்காரருக்கு மனைவி உண்டு. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

"நாலாவதா ஒரு வண்ணம் பூசிடு, சரியாயிடும்," என்றாள் தபால்காரி. "ஆனா பூசுறப்போ உள்ள யாரு இருக்காங்களோ, அவங்களுக்குத்தான் அந்த வீடு. பார்த்துப் பூசு."

தையல்காரி ஒரு டப்பா பச்சை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். நான்கு நாள் காபி கொடுத்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவள் வெளியே வந்து, கதவைத் தாழிட்டு, வாசலிலிருந்து பூச ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து, "மேல் மூலைய விட்டுடாத" என்று குரல் வந்தது.

மறுநாள் கொத்தனார் அந்த வழியே போனார். பச்சைக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரிலுள்ள எல்லா விலாசத்திலும் ஒரு எண் கூடிப்போனதென்று தபால்காரி ஒரு மாதம் திட்டினாள். அப்புறம் அவளும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்: பச்சை வீடு. தையல்காரி, அவள் வீட்டுக்காரர்.