பார்க்க மறுத்தவர்கள்

காலை ஆறு மணிக்குக் கொட்டடியைத் திறந்து எங்களை எண்ணுவார்கள். ஏழுக்குள் ஷூ பட்டறையில் உட்கார்ந்துவிட வேண்டும். போலீஸ்காரர்கள் போடும் பூட்ஸைக் கைதிகள் நாங்கள்தான் செய்கிறோம். அடித்தோலில் சொல்யூஷன் பசை தடவி, காயவிட்டு, நெஞ்சு வலிக்க அழுத்த வேண்டும். சாப்பிடும் சோற்றிலும் அந்த நாற்றம்தான். காற்றை வெளியே தள்ளும் ஃபேன்கள் பொங்கலுக்கு முன்பே நின்றுவிட்டன. இது எந்தச் சிறை என்று கேட்காதீர்கள்.

ஒரு நாள் எங்களில் சின்னவனான யாசிர் சொல்யூஷன் டப்பா மேலேயே மயங்கி விழுந்தான். தூக்கப் போன எங்களை வார்டர் லத்தியால் அடித்து உட்கார வைத்தார். அரை மணி நேரம் அப்படியே கிடந்தான் பிள்ளை. அன்றுதான் எங்களோடு வேலை செய்யும் ஜோசுவா நீதிபதிக்குக் கடிதம் எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டான். பெயர் போடவில்லை. ஆனால் அவன் ஆம்பூர் கம்பெனியில் பதினோரு வருஷம் தோல் வெட்டியவன். அங்கே ஒவ்வொரு பீஸின் மூலையிலும் வெட்டியவன் நம்பரைப் போட வேண்டும், தப்பு வந்தால் ஆளைப் பிடிக்க. பட்டறையிலும் அதே வழக்கம். கைப்பழக்கத்தில் கடிதத்தின் மூலையிலும் தன் நம்பரை, 27 என்று போட்டுவிட்டான். நீதிபதி வந்து திறக்க வேண்டிய பெட்டியை அதற்கு முன்பே ஜெயிலர் திறந்துவிட்டார்.

அவனை அடித்துத் தனிக் கொட்டடியில் போட்டார்கள். வழுக்கி விழுந்தான் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினார்கள். நாங்கள் இருபது பேரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்வரும் விடுப்பு போய்விடுமே என்ற பயம். வெட்கக்கேடுதான்.

புதன்கிழமை மனு. வீட்டார் வந்து கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று பேசும் இருபது நிமிஷம். என் மனைவி பாக்யலட்சுமி வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"ஜோசுவா அண்ணனுக்கு இன்னா ஆச்சு? அவர் சம்சாரம் ஜெஸி மூணு வாரமா ஆம்பூர்லேர்ந்து வருது. உன் புருஷன் உன்னப் பாக்க மாட்டேன்னுட்டான்னு திருப்பி அனுப்புறாங்க. நான் இன்னா தப்பு பண்ணேன்னு பஸ் ஸ்டாண்டுல அழுவுது."

"அவன் அப்படி ஒண்ணும் சொல்லல. பூட்டி வெச்சிருக்கானுங்க" என்றேன் மெதுவாக.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் மேகலாவும் வர்றா. அன்னிக்கே பெங்களூர் போறா, நர்சிங் சேர. இனி தீபாவளிக்குத்தான் வருவா."

எட்டு மாதமாக நான் பார்க்காத மகள்.

ஜெஸி அழுததைப் பட்டறையில் சொன்னேன். இருமிக்கொண்டே யாசிர்தான் முதலில் பேசினான். "ஜோசுவா அண்ணன அனுப்புற வரைக்கும் நான் மனுவுக்குப் போமாட்டேன். எங்கம்மா வந்தாலும் சரி."

பிறகு இன்னொருவன். அப்புறம் இன்னொருவன். என் முறை வந்தபோது மேகலாதான் கண்ணில் நின்றாள். ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த புதன்கிழமை, முதலில் கூப்பிட்டவர்கள் யாரும் மனுவுக்கு எழுந்திருக்காததால் ஜெயிலரே பட்டறைக்கு வந்தார்.

"இன்னாடா, எல்லாருக்கும் ஒரே நாள்ல பொண்டாட்டி புள்ள கசந்துபோச்சா?"

"ஜோசுவாவ அனுப்புங்க சார்" என்றேன். "அவன் சம்சாரம் வெளிய நிக்குது."

"அவன்தான் பாக்க மாட்டேன்னுட்டானே."

"அப்ப நாங்களும் பாக்க மாட்டோம் சார். இருபது பேர் மறுத்தாங்கன்னு மனு புக்குல எழுதுங்க. ஜட்ஜய்யா வந்து கேக்கட்டும்."

அவர் முகம் கறுத்தது. "ஆதிகேசவா, உனக்கு விடுப்பு கெடையாது. யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு சார்."

மனுவுக்கு மைக்கில் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். காதைப் பொத்திக்கொள்ளக் கை எழுந்தது. பூட்ஸை எடுத்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து வார்டர் வந்து நின்றார். எங்களை அடித்த அதே வார்டர்.

"உங்கப்பா பாக்க மாட்டேன்னுட்டான்னு உன் பொண்ணுகிட்ட சொன்னேன்யா. 'எங்கப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், ஜெஸி அத்த உள்ள போனப்புறம் நாங்க வர்றோம்'னு சொல்லிடுச்சு. எல்லா பொம்பளைங்களும் கேட்டாண்ட ஜெஸியச் சுத்தி உக்காந்திருக்காங்க."

அழுதேன். யாசிர் பூட்ஸின் மறுபக்கத்தைப் பிடித்து அழுத்தினான். மனு நேரம் முடிந்து மணி அடித்தது. ஜோசுவாவை அனுப்பவில்லை. பெங்களூர் ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. என் மகள் இன்னும் வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை என்று வார்டர் சொன்னார்.