இருமியது யார்

"நான் வேளாங்கண்ணி பேசுகேன். எல்லாருக்கும் சொகந்தானா?"

வாட்ஸ்அப் குழுவுக்கு அவள் அனுப்பிய முதல் குரல் அது. அடுப்படியில் நின்று, மைக் படத்தை அழுத்திப் பிடித்தபடி, பூசையில் வாசகம் வாசிப்பவளைப்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பதிலுக்குக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. பக்கத்துத் தெரு எலிசா மட்டும் குரலிலேயே கேட்டாள்.

"ஏட்டி, ஒனக்க வீட்டுல ஆரு இருமுனது?"

வீட்டில் யாரும் இல்லை. கணவன் ததேயுஸ் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனதிலிருந்தே யாரும் இல்லை. உடல் கிடைக்காதவனுக்கு அடக்கப் பூசை வைக்கலாமா என்று ஊரில் பேச்சு வந்தபோது கதவைச் சாத்தியவள் அவள். கல்யாணம், திருவிழா எதற்கும் பிறகு வரவில்லை. குளச்சல் பக்கத்து அந்தக் கரையில் அவளை ஏறக்குறைய மறந்தே போனார்கள். பங்குக் கோயில் மண்டபத்தில் வயசானவர்களுக்குப் போன் படிப்பிக்கும் ஸ்மிதாதான் ஒருநாள் வீடேறி வந்தாள். மகன் துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய போன் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்து, கையோடு வகுப்புக்கு அழைத்துப் போய், வகுப்புக்காரர்களின் குழுவிலும் சேர்த்துவிட்டாள்.

வேளாங்கண்ணி தன் குரலைத் தானே போட்டுக் கேட்டாள். 'சொகந்தானா' முடிந்ததும் இரண்டு வறட்டு இருமல், பிறகு பீடிக்காரனின் தொண்டைக் கனைப்பு. அவளுக்குத் தெரிந்த இருமல். பயம் வரவில்லை. ஒருத்திக்கு மட்டும் கஞ்சி வைத்திருக்கிறோமே என்ற வெட்கம்தான் முதலில் வந்தது.

பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்றாள் ஸ்மிதா. குழுவில் யாரும் அதை ஏற்கவில்லை. மறுநாள் மதியம் ஒவ்வொருவராக வந்தார்கள். எலிசா வந்தாள். ததேயுஸின் வள்ளத்தில் வழக்கமாகக் கூடப் போய்வந்த ஜான்ரோஸ், அந்த வீட்டுப்படியைப் பல வருஷமாக மிதிக்காதவர், அவரும் வந்தார். டம்ளர் போதாமல் அக்கம்பக்கத்தில் வாங்கி எல்லாருக்கும் கட்டன்சாயா கொடுத்தாள் வேளாங்கண்ணி. பிறகு, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பதிவு செய்தாள்.

போட்டுக் கேட்டபோது இருமல் இல்லை. கடல் சத்தம்தான், வேறொன்றும் இல்லை என்றாள் எலிசா.

ஜான்ரோஸ் போனை வாங்கிக் காதோடு வைத்து மறுபடியும் கேட்டார்.

"கரைன்னா அல ஒடையுத சத்தம் கேக்கணும். இதுல ஒடையல்ல. இது ஆழத்துல, வள்ளத்துக்க பள்ளைப் பலகையில தண்ணி தட்டுத சத்தமாக்கும்."

ஸ்மிதா அதை அழிக்கக் கை நீட்டினாள்.

"அழிக்கண்டாம் மக்கா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் வேளாங்கண்ணி. "எல்லாரும் பேரச் சொல்லுங்க. இங்க ஆரெல்லாம் இருக்கோம்னு அவரு அறியட்டு."

மைக்கை அழுத்தியபடி ஒவ்வொருவர் வாய்க்கு முன்னாலும் போனைக் கொண்டுபோனாள். தயங்கித் தயங்கிப் பேர் சொன்னார்கள். ஜான்ரோஸிடம் வந்தபோது அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"ஜான்ரோஸ்," என்றார் கடைசியில். "அண்ணைக்கு எனக்கு காய்ச்சல், ததேயுஸ்."

அவள் விரலை எடுத்தாள். பதிவு குழுவுக்குப் போயிற்று. இடுப்பிலும் பையிலும் மடியிலும் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக மணியடித்தன. யாரும் திறந்து கேட்கவில்லை. யாரும் போகவும் எழவில்லை. சாயும் வெயிலில், திரைகளின் வெளிச்சம் மட்டும் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தது.