இருபத்தெட்டுக் கோடுகள்

மலையில் சைக்கிள் விடுவது பற்றி எனக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கனகவல்லி ஒருத்தி சொன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அது 1973. நாங்கள் இருவரும் ஜெர்மனியில் மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தோம். நான் வேக்குவம் பம்புகளோடு மல்லுக்கட்டுகிறவன். அவள் கணக்குப் பிரிவு. ஒரு பென்சிலும் கட்டம்போட்ட காகிதமும் கொடுத்தால் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு சைக்கிள் கிளப்போடு சுற்றுவதைப் பார்த்து, பழைய பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு அவளும் வந்து சேர்ந்தாள். முதல் மாதம் எனக்குப் பின்னால் வந்தாள். நாலாம் மாதம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் போனேன். எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்தக் கிளப்பார் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் புத்தகம் போடுவார்கள். ஆல்ப்ஸைத் தாண்டி, இத்தாலியின் டோலமைட் மலைகளில் சைக்கிளில் சுற்றிவர ஏற்ற பாதைகள் அதில் இருக்கும். எத்தனை கிலோமீட்டர், எந்தக் கணவாய்க்கு எவ்வளவு ஏற்றம், எங்கே தண்ணீர், எங்கே ரொட்டி என்று எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதில் ஒரு பாதை இடம்பெற வேண்டுமானால் சட்டம் கறார். பாதையை வகுத்தவரே முதலில் அதற்கு ஓர் அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு காலையில் கிளம்பி, மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடிப்பதற்குள் முழுச் சுற்றையும் ஓட்டிவிட்டு, கிளம்பிய ஊரின் பாலத்தைக் கடக்க வேண்டும். சாட்சியாக ஒருவர் பின்னாலேயே வருவார். அவர் தள்ளிவிடக் கூடாது, பையைத் தூக்கிக்கொள்ளக் கூடாது. பாலத்தை இருவரும் சேர்ந்துதான் கடக்க வேண்டும்.

கனகவல்லி அந்த மலைகளைக் கண்ணால் பார்த்ததில்லை. குளிர்காலம் முழுக்க வரைபடங்களை மேசையில் விரித்து நாலு கணவாய்களைக் கோத்து ஒரு பாதை போட்டாள். கடைசிக் கணவாய் அதுவரை யாரும் புத்தகத்தில் எழுதாதது. மாட்டுவண்டிக்காரர்கள் மட்டும் போய்வந்த குறுகிய சாலை. கிளப் செயலாளர் ஆல்டிங்கருக்கு ஐம்பத்தெட்டு வயது, ரயில்வே வேலை, சிரித்துப் பார்த்தவர் கிடையாது. அட்டையைப் புரட்டிப் பார்த்தவர், ஓட்டிக் காட்டட்டும் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு வேறு வருஷம் இல்லை. உதவித்தொகை முடிந்துவிட்டது. செப்டம்பர் முதல் சனிக்கிழமைதான் கிளப் மலைக்குப் போகும் நாள். செவ்வாயன்று அவள் சென்னைக்கு விமானம் ஏற வேண்டும். ஜெர்மனியில் மூன்று வருஷம் இருந்ததற்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை மிஞ்சும், அதை நாலு பேர் படிப்பார்கள். இந்தப் பாதையை நாலு பேர் ஓட்டுவார்கள், அதுதான் தனக்கு வேண்டும் என்றாள். சாட்சியாக நானே வருகிறேன் என்று ஜம்பமாகச் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். முதல் மூன்று கணவாய்களும் அட்டையில் இருந்தபடியே வந்தன. இத்தனையாவது கிலோமீட்டரில் குடிதண்ணீர்க் குழாய் என்று எழுதியிருந்தால் அங்கே குழாய் இருந்தது. பார்க்காத மலையை இப்படி எழுத ஒருத்தியால் முடியுமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. சாம்பலும் ரோஜாவும் கலந்த பாறைகள் தலைக்கு மேலே நின்றன. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் சாலையைப் பார்த்தாள்.

நாலாவது ஏற்றத்தில் ஏதோ சரியில்லை. எட்டு கிலோமீட்டர் தூரம், நூற்றுக்கு ஏழு ஏற்றம் என்பது அட்டை. அதற்குத் தகுந்த பல்சக்கரத்தைத்தான் அவள் பின்னால் மாட்டியிருந்தாள். இரண்டாம் வளைவிலேயே சீட்டில் உட்கார முடியாமல் எழுந்து நின்று மிதித்தாள். நான் பின்னால் நாயாக இரைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் ஒரு பால்பண்ணைச் சுவரில் கடல்மட்ட உயரம் எழுதியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே மனக்கணக்குப் போட்டேன். அட்டைப்படி இருந்திருக்க வேண்டியதைவிட எழுபது மீட்டர் அதிகம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் போட்ட பாதை இரண்டு வரைபடத் தாள்களில் விழுந்தது. முதல் மூன்று கணவாய்கள் ஜெர்மன் தாளில். அதில் ஒரு சமஉயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இருபது மீட்டர் உயர வித்தியாசம். கடைசிக் கணவாய் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இத்தாலியத் தாளில்; உச்சியின் உயரம் எழுதிய இடம் மடிப்பில் கிழிந்து போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை அதிகம் என்று அந்தத் தாளை நான் எண்ணிக் கொடுத்தேன். இருபத்தெட்டுக் கோடுகள். பெரிய விஞ்ஞானி, ஓரத்தில் இருந்த குறிப்பைக்கூடப் பார்க்காமல் இருபதால் பெருக்கினேன். அந்தத் தாளில் ஒரு கோட்டுக்கு இருபத்தைந்து மீட்டர். அறுநூறுகூட இல்லை என்று எழுதிய ஏற்றம் உண்மையில் எழுநூறு.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கால் தளர்ந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். உச்சியில் ஒரு பலகையில் உயரம் போட்டிருந்தது. சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேது, நீங்க எத்தனையால பெருக்கினீங்க?"

இருபது என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு இறக்கத்தில் விட்டாள். அது திட்டியதைவிட மோசம்.

ஐந்து நாற்பதுக்குப் பாலத்தைக் கடந்தோம். எனக்கு உயிர் வந்தது. அட்டை தப்போ சரியோ, ஓட்டிவிட்டாள். யார் போய்க் கோடு எண்ணப் போகிறார்கள்? விடுதி முற்றத்தில் ஆல்டிங்கர் முத்திரையை மையில் தொட்டு எடுத்துவிட்டார். கனகவல்லி அட்டையை அவர் கைக்குக் கீழிருந்து இழுத்தாள். கடைசிக் கணவாய் தப்பு, நூற்று நாற்பது மீட்டர் குறைவாக எழுதியிருக்கிறது என்று ஜெர்மனில் நிதானமாகச் சொன்னாள். நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் நகரவில்லை.

ஆல்டிங்கர் முத்திரையைக் கீழே வைத்தார். ஐம்பது மீட்டருக்கு மேல் பிழை இருந்தால் அட்டை செல்லாது, புது அட்டை எழுதி மறுபடி ஓட்ட வேண்டும், அடுத்த வருஷம் வரட்டும் என்றார். அடுத்த வருஷம் அவள் இங்கே இருக்க மாட்டாள் என்று நான் எகிறினேன். பிழை என்னுடையது, தண்டனை அவளுக்கா என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கனகவல்லி என் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அந்த அட்டைய நம்பி ஒருத்தர் வருவாரு, சேது. என்ன மாதிரியே தப்பான கியரோட. அவருக்கு இருட்டிடுச்சுன்னா?"

பிறகு ஆல்டிங்கரைப் பார்த்து, நாளை ஞாயிறு, நாளைக்கு ஓட்டினால் செல்லுமா என்று கேட்டாள். செல்லும் என்றார். மறுபடி சாட்சியாக நானே வருகிறேன் என்று எழுந்திருக்கப் பார்த்தேன்; தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே விழுந்தேன். மேசையைச் சுற்றி இருந்த மற்ற கிளப்காரர்கள் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். ஆல்டிங்கர் உள்ளே போய்த் தன் பின்சக்கரத்தைக் கழற்றி எடுத்துவந்தார். அதில் ஏற்றத்துக்கு ஏற்ற பெரிய பல்சக்கரம் இருந்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் சக்கரத்தைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, காலை ஆறரைக்குத் தயாராக இருக்கச் சொன்னார். அப்படியானால் சாட்சியாக வரும் அவர், நூற்றுக்கு ஏழு ஏற்றத்துக்கான அவள் கியரோடு ஏறப் போகிறார்.

சாப்பிட்ட பிறகு அவள் இத்தாலியத் தாளை என் முன்னால் விரித்தாள். தானே எண்ணிவிடலாம், எண்ணவில்லை. பென்சிலை என் கையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். ஒவ்வொரு கோடாக மூன்று தடவை எண்ணினேன். ஓரத்துக் குறிப்பை நாலு தடவை படித்தேன். பிறகுதான் புது அட்டையில் எழுநூறு என்று எழுதினேன்.

ஞாயிறு ஐந்து மணியிலிருந்து பாலத்தில் நின்றேன். நொண்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். ஐந்து ஐம்பதுக்கு, பாலத்துக்கு மேலே இருந்த வளைவில் அவள் தெரிந்தாள். பின்னால் யாரும் இல்லை. பாலத்துக்குப் பத்தடி தள்ளி நின்றுவிட்டாள். முகம் வெளிறிப்போய், கைப்பிடியில் குனிந்து, வந்த வழியையே திரும்பிப் பார்த்தாள். வா என்று நான் கையை ஆட்டினேன். சாட்சி இல்லாமல் வந்து பயனில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஆட்டினேன்.

ஆறு அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது ஆல்டிங்கர் வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இல்லை, மிதித்துத்தான் வந்தார். ஆனால் முழங்கால் இரண்டும் ரத்தம், சட்டை முழுக்க மண். இறக்கத்தில் விழுந்திருக்கிறார். அவள் அவர் பக்கத்தில் போய், தொடாமல், அவர் வேகத்துக்கே மிதித்தாள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகப் பாலத்தில் ஏறின. அவை இந்தப் பக்கம் இறங்கிய பிறகுதான் மணி அடித்தது.

ஆல்டிங்கர் ரோட்டிலேயே உட்கார்ந்து பேனா கேட்டார். புது அட்டையில் கணவாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நாலாவதுக்கு வந்ததும் எழுநூறு என்று எழுதியிருந்ததன்மேல் விரலை வைத்து, சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆம்பிளை அழலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

பாதையை வகுத்தவர் என்ற இடத்தில் அவள் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் என்னிடம் நீட்டினாள்.

"கீழ உங்க பேரையும் போடுங்க. நாலாவது கணவாய் நீங்க எண்ணினதுதானே."