நாற்பத்தொரு தடங்கள்

அப்பாவுக்குப் போடவேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளை இன்ஜினியர் கூடத்திலிருந்து கூப்பிட்டார். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். குடிநீர் வாரியத்து ஆட்கள் பத்துப் பேர், கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்த கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"இந்தப் பொண்ணுதான்," என்றார் இன்ஜினியர். "பழைய ஜிபிஎஸ்ல இருந்த நாற்பத்தொரு வழியையும் புதுசுல ஏத்திக் கொடுத்தவ. அவர் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாரு. போன மாசம்தான் கொண்டாந்தாரு, ஆபீஸ்ல காப்பி எடுத்துக்கிட்டோம். காட்டுக்குள்ள எந்த வால்வுக்கு எப்படிப் போகணும்னு இனிமே புதுசா வர்றவனுக்கும் தெரியும்."

ஒருவர் அவளைப் பார்த்துக் கைகூட எடுத்துக் கும்பிட்டார். அவளுக்கு உடம்பு கூசியது. ஏற்றியிருந்தால் அல்லவா காப்பி எடுக்க?

இரண்டு வருஷம் முன்பு, அப்பா ஓய்வு பெற்ற மாதம் அது. பழைய கருவியின் திரை மங்கி, பேட்டரி மூடியை ரப்பர் பேண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அவள்தான் வேறு கம்பெனிக் கருவி வாங்கி வந்தாள். வால்வு இருக்கும் புள்ளிகள் ஒரே அமுக்கில் மாறிவிட்டன. நடந்த தடங்கள் அப்படி வரவில்லை. இந்தக் கம்பெனியின் கோப்பை அந்தக் கம்பெனி படிக்காது, ஒவ்வொன்றாக வடிவம் மாற்றி ஏற்றவேண்டும் என்று கணினி கட்டம் கட்டிச் சொன்னது. இந்த மகாராணிக்கு அன்று சினிமாவுக்கு நேரமாகிவிட்டது. படிக்காமலே 'சரி' என்று அமுக்கினாள். "எல்லாம் வந்துடுச்சாம்மா?" என்று அப்பா கேட்டதற்கு, "வந்துடுச்சுப்பா" என்றாள். பழையதைத் துடைத்தாற்போல் அழித்து, மலையேறும் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அப்பா பொத்தான்களை அமுக்கிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். அவர் கவனிக்கவில்லை என்று நம்புவது வசதியாக இருந்தது.

அவள் உள்ளறைக்குப் போய் மேசை இழுப்பறையிலிருந்து கருவியை எடுத்து உயிர்ப்பித்தாள். பட்டியலில் நாற்பத்தொரு தடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அப்பா வைத்த பெயர். தேதிகளைப் பார்த்தாள். ஒன்றுகூட இரண்டு வருஷத்துக்கு முந்தையது இல்லை.

வாசலில் நிழலாடியது. அப்பாவோடு இருபது வருஷம் குழாய்த்தடம் பார்த்த ஃபிட்டர் மாமா நின்றிருந்தார்.

"மாமா, நான் ஒண்ணுகூட ஏத்தலை."

"தெரியும்மா."

"அப்பாவுக்கு?"

"மறுநாளே தெரியும். நாமதான் நடந்தோம், நாமளே மறுபடி நடந்துட்டுப் போவோம்னாரு. லீவு நாள்ல நான் கூடப் போவேன். மத்த நாள்ல தனியா."

வாக்கிங் என்றுதானே சொன்னார்? ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டவள் அவள்தான். 'ரிட்டயர் ஆனவர் வீட்ல அடங்கி இருக்கக் கூடாதா? ஊர் சுத்தலேன்னா தூக்கம் வராதா?' என்று வாய்க்கு வந்தபடி திட்டியவளும் அவள்தான். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே மற்றக் காலையும் நீட்டுவார். இப்போது நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மாமா."

"கேட்டா நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு நிப்பேன்னாரு. அத அவரால பாக்க முடியாதாம்."

"வெளிய போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"சொல்லி? அவர் ரெண்டு வருஷமாப் பொய் சொன்னாருன்னுதான் ஆகும். அதுக்கா இவ்வளவு நடந்தாரு?"

கூடத்தில் இன்ஜினியர் புதிதாக வந்த யாரிடமோ அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் கடைசித் தடத்தைத் திறந்தாள். மேட்டு வால்வு, போன மாதம். கோடு அடிவாரத்திலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரத்தில் சிக்குப் பட்ட நூலாகச் சுருண்டு, அப்புறம் ஏறியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு சுருள்.

"இது என்ன மாமா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "அங்க உக்காந்திருப்பாரு. ஆள் நகராம இருந்தா இந்த மெஷினுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அந்த எடத்துலயே கிறுக்கிக்கிட்டு இருக்கும்." பிறகு, "அன்னைக்கு நான் போகலம்மா," என்றார்.

அவள் விரலால் கோட்டைத் தள்ளிக்கொண்டே போனாள். மேலே போகப் போகச் சுருள்கள் பக்கம் பக்கமாக வந்தன. விரலை வைத்த இடத்துக்கெல்லாம் நேரம் காட்டியது. கடைசிச் சுருள் மேட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. நுழைந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் பார்த்தாள். நாற்பது நிமிடம்.

அதற்கப்புறம் கோடு எங்கும் நிற்காமல் ஏறி, வால்வில் போய் முடிந்திருந்தது.